அண்ணனுக்கு நான் எழுதிய ஊர்

என் அண்ணன் கபடியில் பாடிப் போவதில் கெட்டிக்காரன். எந்த ஊர் கூப்பிட்டாலும் அந்த ஊருக்காக ஆடுவான். எங்கள் வீட்டில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எனக்கு அது அவமானமாக இருந்தது.

உத்திரமேரூர் போட்டியில் ஒவ்வொரு அணியிலும் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டுமே ஆடலாம். சாலவாக்கம் அணிக்காக ஆட வந்த, எழுதத் தெரியாத அண்ணன் படிவத்தை என்னிடம் நீட்டினான்.

“ஊரு சாலவாக்கம்னு எழுதும்மே.”

நான் வேண்டுமென்றே எங்கள் ஊரான தென்னேரியை எழுதினேன்.

நடுவர் அதைப் படித்துவிட்டு அவனைக் களத்திலிருந்து வெளியேற்றினார்.

“வாடகை மாட்ட அவுத்து வுட்டாங்கடோய்!” என்று கூட்டம் கத்தியது.

அண்ணன் நேராக என்னிடம் வந்தான். “இன்னா எழுதின?”

“நெசத்தத்தான்.”

“நெசமா? நம்ம ஊரு டீமுல ஒரு தபாவாச்சும் என்னைச் சேத்துக்கினானுங்களா?”

எனக்கு அது தெரியாது. மன்னிப்பு வாய் வரை வந்தது. படித்த திமிர் விடவில்லை.