மூன்றில் இருந்த குமிழ்

நான் கவனித்துக்கொண்ட நோயாளிகளில் பொய்த் தூக்கம் போட்டவர்கள் பலர். குளிக்கச் சோம்பலாக இருக்கும், மாத்திரை கசக்கும், காரணம் தெரிந்துவிடும். மில்லி சாருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தூக்கம் வரும். அவருடைய அக்கா கணவர் பார்க்க வரும் நேரம் அது.

மில்லி என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். முப்பத்தொரு வருடம் வண்டிகளின் முகப்பு விளக்கை வடிவமைத்தவர். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வார். நான் கட்டிலை நகர்த்தினால், "இன்னும் இருபது மில்லி, சிஸ்டர்" என்பார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வரும், மூளையில் பழுதில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை கிடையாது. ஒட்டுறவு என்று இருந்தது அக்காவும் அத்தானும்தான்.

அத்தான் இரண்டு பஸ் மாறி வருவார். கையில் நாலு ஆரஞ்சு இருக்கும்.

"என்ன சிஸ்டர், மாப்ள இன்னைக்கும் கும்பகர்ணனா? நான் வந்தாத்தான் தூக்கம் வருது பாருங்க. என் முகராசி அப்படி!"

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிறு அவர் போனதும் நான் கேட்டே விட்டேன். "சார், நிஜமாத் தூங்குறவங்க இப்படி எச்சில் முழுங்கிட்டே இருக்க மாட்டாங்க. அந்த மனுஷன் உங்களை என்ன பண்ணினார்?"

"அவர் ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணிட்டேன்."

கைக்குப் பயிற்சி கொடுக்கும்போது, மூன்று நாளில் துண்டு துண்டாகச் சொன்னார்.

வண்டியின் பின்னால் சுமை ஏறினால் மூக்கு தூக்கும். விளக்கு எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். அதற்காக இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விளக்கை அசைக்க வேண்டாம், அதன் முன்னால் இருக்கும் லென்ஸை மட்டும் இறக்கினால் போதும். லென்ஸ் ஒரு மில்லி இறங்கினால் பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் வெளிச்சம் ஒரு சாண் இறங்கும். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குமிழ். அதில் பூஜ்யம் முதல் மூன்று வரை எண்கள். பட்டறைக்காரர்கள் லென்ஸை எத்தனை படி இறக்கினோம் என்றுதான் எண்ணுவார்கள். அதையே குமிழிலும் பொறித்துவிட்டார். மூன்று என்றால் வெளிச்சம் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்டியோடு கொடுக்கும் கையேட்டைத் தட்டச்சு செய்த பெண் அப்போதே கேட்டாளாம். "சார், மூணுன்னா வெளிச்சம் ஜாஸ்தியா? எங்க வீட்டு ஃபேன்ல அப்படித்தான்." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். "படிச்சுப் பார்க்கத்தானேம்மா புத்தகம் குடுக்கிறோம்!"

அத்தான் புத்தகம் படிக்கிற ரகம் இல்லை. கடைகளுக்குப் பாத்திரம் ஏற்றிப்போகச் சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். மச்சினன் செய்த விளக்கு என்ற பெருமை வேறு. மூன்று என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, வண்டி வாங்கிய நாளிலிருந்து குமிழை மூன்றிலேயே வைத்தார். ஒருநாள் சரக்கை இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. சுமை இல்லாததால் மூக்கு தூக்கவில்லை, வெளிச்சம் அதைத் தாண்டி இருபதடி விழுந்தால் அதிகம். சாலையில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் மேல் ஏறிவிட்டார். அக்காவுக்கு இடுப்பெலும்பு போனது. இன்றைக்கும் கைத்தடிதான்.

"பொட்டைக் கண்ணை வெச்சுக்கிட்டு என்னைக் கொல்லப் பார்த்த மனுஷன்" என்று பேச ஆரம்பித்த அக்கா பன்னிரண்டு வருடமாக நிறுத்தவில்லை. கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் எடுபடவில்லை. வேனை விற்றார்கள். அத்தான் தான் சரக்குப் போட்ட கடையிலேயே பில் எழுதும் வேலைக்குப் போனார்.

"இதுல என்ன இருக்கு சார்? தெரியாம நடந்தது" என்றேன்.

"அது தெரியாம நடந்தது. மறுநாள் நான் அடிபட்ட வேன் நின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன், சிஸ்டர். குமிழ் மூணுல இருந்துச்சு. யாரும் பார்க்கலை. ஜீரோவுக்குத் திருப்பி வெச்சிட்டு வந்தேன்." அந்த மாதம்தான் அவருடைய லென்ஸைத் தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வகை வண்டிகளுக்கு எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த வருடம் குமிழில் எண்களை எடுத்துவிட்டுப் படம் போட வைத்திருக்கிறார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

"சொல்லிடுங்க."

"அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு முழிப்பேன்?"

"இப்ப மட்டும் முழிக்கிறீங்களா? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தானே கிடக்கீங்க?"

அடுத்த ஞாயிறு தலையணையை உயர்த்திவைத்து உட்கார வைத்தேன். அத்தான் வாசலிலேயே சிரித்தார். "அட, மாப்ள முழிச்சிருக்காரு! மழை வரப் போகுது!"

மில்லி சார் சொன்னார். கண்ணை எடுக்காமல் தன் செத்த கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். அத்தானின் மடியிலிருந்த பையிலிருந்து ஆரஞ்சு ஒன்று உருண்டு விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"திருப்பினது நீயா?"

"ஆமா அத்தான்."

"நானும் போய்ப் பார்த்தேன் மாப்ள. உனக்கு அப்புறம் போயிருக்கேன் போல. ஜீரோவுல இருந்துச்சு. அடப்பாவி, மூணுல வைக்க மறந்து, வெளிச்சத்தைக் கூட்டாமலே ஓட்டியிருக்கோமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவ பேசினப்பல்லாம் சரிதானேன்னு கேட்டுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று போர்வையை இழுத்துவிடவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பத்து மணிக்கு மில்லி சார் கண்ணை அகலத் திறந்து வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

மூன்றாவது ஞாயிறு அக்கா வந்தார். கைத்தடியோடு, இரண்டு பஸ் மாறி, தனியாக.

"வீட்டுல சொன்னார்டா. கோபமாக்கூடச் சொல்லலை. பன்னெண்டு வருஷம், தம்பி. சொந்தக்காரங்க முன்னாடி, அந்தக் கடைக்காரன் முன்னாடி எல்லாம் நான் என்னென்ன பேசியிருக்கேன்? இப்ப சோறு போடும்போதுகூட என்னால அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியலை. நீ உன் பாரத்தை இறக்கிட்டே. யார் தலையில இறக்கினேன்னு பார்த்தியா?"

மில்லி சார் கண்ணை மூடவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. இடது கையால் துடைக்கத் தெரிந்தவர்தான், துடைக்கவில்லை.

மனதில் இருப்பதைப் பேச வைத்தால் நோயாளிக்கு நல்லது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டிலில் இருப்பவரை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கும் கூசியது. கழுவி வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மறுபடியும் கழுவினேன்.