அன்னாளுக்கு வந்த பொறாமை

கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் அன்னாளைப் பற்றிக் கேட்டால், பொறாமை என்பதே தெரியாதவள் என்றுதான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது முதல் ஆளாகப் போய்ச் சில்லென்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டு வந்தவள். ஆனால் அவளுக்கும் ஒருவர் மீது பொறாமை இருந்தது. அது ஊரில் யார் மீதும் இல்லை, கட்டின புருஷன் மிக்கேல் மீது.

மிக்கேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்தான். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கமும் கிடையாது. எது கிடைத்தாலும் அதில் சந்தோஷப்பட்டுவிடுவான், அதுதான் அவள் கண்ட குற்றம். ஆரஞ்சுத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மோந்து பார்ப்பான். பலாக்கொட்டையை அடுப்பில் சுட்டு, சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டே சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வீட்டுக்குப் பின்னால் வெயில் விழுகிற பாறையில் குப்புறப் படுத்து முதுகைக் காயவைப்பான். அந்தப் பலாக்கொட்டையைக் கழுவிக் காயவைத்தவள் அன்னாள். அவன் முதுகு காய்கிற நேரத்தில் ஒரு வாரத்துத் துணியைத் துவைக்கிறவளும் அன்னாள்தான்.

இரண்டு பேரும் ஒரே கஞ்சியைத்தான் குடித்தார்கள், ஒரே மழையில்தான் நனைந்தார்கள். பிள்ளைகள் ஜின்சனும் ஜிபியும் வேலைக்கென்று வெளியூர் போனபோது வீடு இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் வெறிச்சோடியது. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சிரிப்பு என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலங்கள்தான் மோசம். வேலை விட்டு வந்ததும் மிக்கேல் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மேட்டுக்கு மேலே இருந்த சுடலையின் டீக்கடைக்குப் போவான். பால் விடாத ஒரு கட்டன் சாயா, ஒரு பருப்பு வடை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனால் அகலமான ஒரு கல். அதில் உட்கார்ந்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியுமாம். திரும்பி வந்து அதைச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இன்றைக்குப் பள்ளத்தை மூடுகிற மஞ்சு விலகியிருந்தது, லாரிகள் எறும்பு மாதிரி மலை ஏறி வந்தன, தென்னந்தோப்புக்கு மேலே மழை தனியாக நடந்து போனது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அன்னாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கேட்பாள். புகையால்தான் கண் எரிகிறது என்று சொல்லிக்கொள்வாள்.

ஒரு கட்டத்தில் அவள் கெடுத்துப் பார்க்கவும் துணிந்தாள். காலைச் சாயாவில் சீனியைக் குறைத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, இன்றைக்குத்தான் தேயிலையின் மணம் சரியாகத் தெரிகிறது என்றான். வெயில் பாறையில் மிளகைக் காயப்போட்டாள். அவன் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கண்டுபிடித்தான். சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து விறகு உடைக்கச் சொன்னாள். உடைத்தான், பிளந்த கட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, என்ன வாசம் என்று அவளிடமே நீட்டினான். அன்று அவள் சட்டியை வைத்த வேகத்தில் அதன் விளிம்பு விண்டுபோனது.

ஐப்பசி மழையில் ஸ்டோர் படிக்கட்டில் பாசி பிடித்திருந்தது. மிக்கேல் அதில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்னாள் அழுதாள். நிஜமாகவே அழுதாள். ஆனால் இனிமேல் சாயங்காலங்களில் அவனும் தன்னைப் போல் நான்கு சுவருக்குள் இருப்பான் என்ற நினைப்பும் அழுகைக்கு நடுவில் வந்து போனது. உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாளே அவன் வடை கேட்டான். வேலைக்காரர்களின் ஜீப் எப்படியும் மேட்டில்தான் அவளை இறக்கிவிடும். கடைக்குப் போனாள். எண்ணெய் காய்வதற்குள் சுடலை ஒரு கட்டனை நீட்டி, பின்னால் அண்ணன் உட்காருகிற இடம் இருக்கிறது, போய் உட்காருங்கள் என்றான்.

போய் உட்கார்ந்தாள். மஞ்சு அடைத்துக் கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சாயாவும் அவள் வீட்டில் போடுவதைவிடச் சுமார்தான். இதற்காகவா இந்த மனிதன் இத்தனை வருஷம் என்று ஆத்திரமாகக்கூட வந்தது. சாயா பாதியான பிறகுதான் ஏதோ வித்தியாசமாக இருப்பதை உணர்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தோட்டத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுவார், வீட்டில் புருஷன் கூப்பிடுவான், அவன் இல்லாவிட்டால் கோழி கத்தும், உலை பொங்கும். இங்கே அவள் பெயரைச் சொல்ல ஆளில்லை. கண்ணாடி கிளாசின் சூடு உள்ளங்கையில் இறங்கியது. வடை ஆறிப்போகும் என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கேட்டபோது ஜீப் லேட் என்றாள். மறுநாளும் ஜீப் லேட்டானது. அதற்கடுத்த நாள் டயர் பஞ்சர் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலை, மிக்கேலின் காலைப் பார்க்க வந்தான். பேச்சோடு பேச்சாக, அக்கா இப்போது தினமும் கடைக்கு வருகிறது, அண்ணன் இல்லாத குறையே தெரியவில்லை என்றான். மிக்கேல் சிரித்து வைத்தான். சுடலை போனதும் அவன் முகம் வேறாகிவிட்டது.

"எந்தக் கல்லுல ஒக்காருத?"

"பின்னால இருக்க கல்லுலதான்."

"எனக்குள்ளதுலயா?"

அன்னாள் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மஞ்சு விலகியிருந்ததா, லாரி தெரிந்ததா என்று கேட்டான். முந்தின நாள் மஞ்சு நன்றாகவே விலகியிருந்தது. பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டங்கள் மேல் வெயில் திட்டுத் திட்டாகக் கிடந்ததை அவள் கண் நிறையப் பார்த்திருந்தாள். இருந்தும், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் அன்று மத்தியானம் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். முப்பது வருஷத்தில் அவன் சோற்றை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

அவன் வயிறு எரிகிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒரு பக்கம் இனித்தது, இன்னொரு பக்கம் அந்த மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் மெல்லக் கேட்டான்.

"இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் நானும் வாரேன்னு நீ கேட்டதில்லியே, அன்னா."

"நீங்க கூப்பிட்டதில்லியே."

மிக்கேல் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மார்கழிக்கு முன்னால் கட்டுப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும் மிக்கேல் வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வா, சேர்ந்தே போவோம் என்றான். அவன் மனதாரத்தான் கூப்பிட்டான். ஆனால் சேர்ந்து போனால் கல்லில் அவன் பேசுவான், அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்னாள் யோசித்துச் சொன்னாள்.

"புதனும் சனியும் நான் போயிட்டு வாரேன். அன்னைக்கு ஒல நீங்க வைங்க. மத்த நாளு ஒங்களுக்கு."

லயத்தில் சிரித்தார்கள். கல்லுக்குப் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது என்று சுடலை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். மிக்கேல் உலை வைக்கக் கற்றுக்கொண்டான். அவன் வைத்த கஞ்சி முதலில் வாயில் வைக்க முடியாததாகவும், பிறகு பொறுத்துக்கொள்ளத் தக்கதாகவும் இருந்தது. புதன்கிழமைகளில் அவன் முகம் மட்டும் கடுகடுவென்றே இருந்தது.

ஒரு சனிக்கிழமை அன்னாள் பாதிச் சாயாவில் இருந்தபோது கடை வாசலில் கம்பு தட்டும் சத்தம் கேட்டது. வீட்டில் ஒன்றும் ஓடவில்லை, நடந்து பார்க்கலாமென்று வந்தேன் என்று மிக்கேல் சுடலையிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. சுடலை அவனைப் பின்னால் போகச் சொன்னான்.

"வேண்டாம்டே. இன்னைக்கு அவ நாளு," என்று மிக்கேல் முன்பக்க பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு கட்டன் கேட்டான்.

அன்னாள் எழுந்து போகவில்லை. சாயாவை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு கிளாசைக் கொண்டு வந்து வைத்துவிட்டு அவனோடு இறக்கத்தில் நடந்தாள். பாதி வழியில், இன்றைக்கு என்ன தெரிந்தது என்று அவன் கேட்டான். பள்ளத்தாக்கில் யாரோ வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள், புகை நேராக மேலே போனது என்று அவள் கொஞ்சம் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.