பத்துக்கு மூன்று

முழங்கால் வலி எனக்கு நான்கு வருடமாக இருந்தது. அதை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "பரவாயில்லைங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் உடம்பு எப்படி என்று கேட்டால் அதுதான் பதில். காய்ச்சலில் படுத்திருப்பவரும் அதையேதான் சொல்வார்.

என்னைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது தங்கச்சி மகளின் கல்யாணம். எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்கு உரிய சீர்களை முன்நின்று செய்து வைப்பவளை அருமைக்காரி என்போம். எங்கள் உறவில் அது நான். தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். அந்தப் பெண் பிறந்த அன்றே, இவளுக்கு நான்தான் சீர் செய்வேன் என்று சொல்லி வைத்திருந்தேன். கல்யாணம் தை மாதம். ஆடியிலேயே எங்கள் தறிக்குடோனின் இரண்டு படி ஏற என் வீட்டுக்காரர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எலும்பு மருத்துவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயைக் காட்டி, மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து இடைவெளி குறைந்துவிட்டது என்றார். மூட்டை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"மாத்திக்கலாங்கம்மா. ஆனா அதுக்கப்புறம் தரையில உக்காராம இருக்கறதுதான் நல்லது."

அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இப்போது வந்திருக்கும் வேறு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, என் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுற்றவிட்டு, அதில் பிளேட்லெட் நிறைந்த பகுதியை மட்டும் முட்டிக்குள் ஊசியாகப் போடுவது.

"இது சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காதுங்கம்மா. கேக்கலைன்னா, முட்டி வலியைக் கொண்டுபோற நரம்பைச் சூடு வெச்சு அடக்கற முறை ஒண்ணு இருக்குது. அதுல தேய்மானம் சரியாகாது, வலி குறையலாம். எதுன்னாலும் நீங்க நெசத்தைச் சொல்லோணும்."

ஆவணியில் ஊசி போட்டார். தொடையைப் பலப்படுத்தும் பயிற்சிகள் அச்சடித்த தாளும் கொடுத்தார். தாளில் உள்ளதையெல்லாம் தவறாமல் செய்தேன். வலி கொஞ்சமும் குறையவில்லை.

ஐப்பசியில் மறுபடி போனபோது, "பத்துக்கு எத்தனை வலி இருக்குதுங்கம்மா?" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அதற்கு முன்னால் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, நீ போட்ட ஊசி ஒன்றுக்கும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு அதிகம் என்போமா?

"மூணுங்க" என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நல்லா கேட்டிருக்குது, இதையே தொடரலாம் என்று இரண்டாவது ஊசியையும் போட்டார். அவர் மனம் நோகாமல் பேசிவிட்டோம் என்று நானும் நிம்மதியாக வந்தேன். பேருந்தில் ஏறும்போது நடத்துனர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

மார்கழிப் பிறப்பில் மூன்றாம் முறை. அதுவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அன்றைக்கு உள்ளே வந்தார். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர் என்ற தைரியத்தில் நான் மறுபடியும் மூன்று என்றேன். அது மட்டும் அவர் காதில் சுத்தமாக விழுந்துவிட்டது.

"மூணுங்களா? ஏனுங்க டாக்டரு, நேத்து கீழ உழுந்த கரண்டியைக் குனிஞ்சு எடுக்க முடியாம காலாலயே தள்ளிப்போட்டு உட்டா. ஒம்பதுன்னு எழுதிக்குங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியாள் முன்னால் இப்படி என் மானத்தை வாங்குவதா? ஆனால் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க மூணுன்னு சொன்னதாலதானுங்கம்மா ரெண்டாவது ஊசி போட்டேன். ஐப்பசியிலயே சொல்லியிருந்தா அப்பவே வேற வழி பாத்திருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். மரியாதை என்று நினைத்து அந்தப் பிள்ளையை ஏமாற்றி, என் இரண்டு மாதத்தையும் நானே வீணாக்கியிருக்கிறேன். அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

அதே மாதம் நரம்புக்குச் சூடு வைத்தார்கள். முட்டியை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசிகளை நுழைத்து அவற்றின் வழியே சூட்டைச் செலுத்தினார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். தை பிறந்தபோது வலி பாதிக்கு வந்திருந்தது. கால் மட்டும் முழுதாக மடங்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் ஒரு முக்காலி கேட்டேன். அருமைக்காரி முக்காலியிலா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "முட்டி தேஞ்சு போச்சுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முக்காலி வந்தது. பாதிச் சீர் அதிலேயே முடிந்தது. மீதியைப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஒரு காலை நீட்டி எப்படியோ உட்கார்ந்து, ஒன்று விடாமல் செய்து முடித்தேன். அப்புறம் எழ முடியவில்லை.

பெண் என் பக்கம் குனிந்தாள். "பெரிம்மா, வலிக்குதுங்களா?"

சுற்றிலும் சொந்தபந்தம், வீடியோ விளக்கு. பரவாயில்லை என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது.

"வலிக்குது கண்ணு" என்றேன்.

அவள் மணையிலிருந்து எழுந்து, மருதாணி போட்ட இரண்டு கைகளாலும் என்னைத் தூக்கிவிட்டாள். சீர் செய்ய வந்தவளை மணப்பெண் தூக்கிவிட்டதை எங்கள் உறவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அது ஆல்பத்தில் படமாக இருக்கிறது. எனக்கு முகமெல்லாம் கோணிப்போயிருக்கிறது. அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எத்தனைங்கம்மா?" என்றார்.

"ஆறுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.