ராமாயி வெட்டிய எர்த் குழி

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ராமாயி என்றால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைக்கும் மெஷின்காரி. பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. அந்த மெஷின் பக்கத்தில் மட்டும் குரல் தணிந்துவிடும். போன அறுவடையில், நார் சிக்கி நின்ற மெஷினை நிறுத்தாமல் உள்ளே கைவிட்டாள். சிக்கல் விட்டதும் பிளேடு சுற்றியது. இரண்டு விரல் போச்சு. மோதிர விரலில் கிடந்த செம்பு மோதிரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது கிழங்கு தள்ளுவது மருமகள் கவிதா. அவள் கையாவது தப்பட்டும் என்றுதான் ராமாயி சேந்தமங்கலத்திலிருந்து எலக்ட்ரீஷியனான என்னை வரவழைத்தாள். ரிவர்ஸ் சுவிட்ச் இருந்தால் உள்ளே கைவிட வேண்டாம். கைப்பிடியைத் திருப்பினால் மெஷின் பின்னோக்கி ஓடிச் சிக்கியதைத் துப்பிவிடும். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான் வித்தை.

தூணில் சுவிட்சை முடுக்கி வயர் கொடுத்தேன். எர்த் கம்பி புதைக்க ஈரமான இடமாகப் பார்த்துக் கடப்பாரையை ஓங்கினேன்.

"அங்க வேண்டாஞ் சாமி," என்றாள் ராமாயி. "எம் விரலு ரெண்டையும் அங்கதான் பொதைச்சிருக்குது."

எனக்கு எரிச்சல் வந்தது. மற்ற இடமெல்லாம் பாறை.

"ஏனுங்க, எர்த் இல்லாம ஓட்டுனா உங்க மருமவளுக்கு ஷாக் அடிக்குமுங்க."

ராமாயி கடப்பாரையை வாங்கி அதே இடத்தில் தானே வெட்டினாள். இடுப்பளவு ஆழம் போயும் எலும்பு இல்லை. சுற்றி வைத்த துணிகூட இல்லை.

"இதுதான் தின்னு போட்டுதுங்க," என்று மெஷினைக் காட்டினாள்.

கம்பியைக் குழியில் இறக்கிவிட்டு, மூடுமுன் ஓட்டிப் பார்க்க மெயினைப் போட்டேன். கவிதா கிழங்கு தள்ளினாள். சொல்லி வைத்தாற்போல் சிக்கிக்கொண்டது. கைப்பிடியை ரிவர்ஸுக்குத் திருப்பினேன். மெஷின் உறுமிக்கொண்டு பின்னோக்கிச் சுற்றி நாரைக் கக்கியது. நாரோடு ஒரு செம்பு மோதிரமும் வந்து பிளேடுக்குக் கீழே கிடந்தது.

"அத்தே, உங்க மோதரம்!" கவிதா கையை நீட்டினாள்.

"தொடாத கண்ணு!" ராமாயி பாய்ந்து கைப்பிடியை நடுவுக்குத் தள்ளினாள். பிளேடு ஓய்ந்து நின்றது. அப்போதும் அவள் யாரையும் கிட்டே விடவில்லை. குச்சியால் மோதிரத்தைத் தள்ளி எடுத்துக் குழிக்குள் போட்டு, எர்த்துக்கு நான் கொண்டுவந்திருந்த உப்பையும் கரியையும் மேலே கொட்டினாள்.

"என்னோடது எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. எம் புள்ளைய உட்ரு," என்றாள் மெஷினைப் பார்த்து.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முந்திக்கொண்டு குழியை மூடி, மண்ணை மிதித்து இறுக்கியது நான்தான்.