கரையில் முறுக்கு

என் மகளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியின் பவர் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. அந்த வேகத்தைக் குறைக்கத்தான் டாக்டர் இரவில் போட்டுக்கொண்டு தூங்கும் லென்ஸைக் கொடுத்தார். தூங்கும்போது அது கருவிழியின் வளைவை லேசாக மாற்றும். காலையில் கழற்றிவிட்டால் பகல் முழுக்கக் கண்ணாடி வேண்டாம்.

"தூங்குறப்ப எதுக்கு அண்ணி லென்ஸு? கனவு நல்லா தெரியவா?" என்று என் நாத்தனார் கிண்டலடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

போன மாதம் அரியலூரிலிருந்து திருமழபாடிக்குப் போனோம். முன்பெல்லாம் கொள்ளிடத்தில் குளிக்கக் கண்ணாடியைக் கழற்றினால், கரையில் இருப்பது நானா வேறு யாராவதா என்றே அவளுக்குத் தெரியாது. அப்பாவின் கையை விடவே மாட்டாள். இந்த முறை முழங்காலளவு தண்ணீரில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே கும்மாளம். அவள் அப்பா பக்கத்தில் சும்மா நின்றார்.

நான் தூரத்தில் மணலில் உட்கார்ந்து, முறுக்குப் பொட்டலத்தை மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தேன்.

"யம்மா! அது மூணாவது முறுக்கு! எனக்கு வையி!"

ஆற்றங்கரையே திரும்பி என்னைப் பார்த்தது. வாயில் முறுக்கோடு என் பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அத்தனை ஈரத் தலைகளில் என் மகள் எது என்று எனக்குத்தான் தெரியவில்லை.