காட்டுப்பாக்கத்து வாசலில் கிடைத்த பிரேக் குழாய்

குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, இனி என்னால் ஆகாது, உடனே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். போன வருஷம், யுத்த சமயத்து ஐப்பசி. விடாத மழை. பூந்தமல்லியில் என் முதலாளி வீட்டின் பின்கட்டு அறையில் என் மனைவி கிரேஸ் முந்தின நாளிலிருந்து வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ் பாதி வழியில் நின்றுவிடும். மாட்டு வண்டியில் போனால் உயிரோடு போய்ச் சேருவாளா தெரியாது. சபையாரே, அந்தக் காலையில் நான் நின்ற நிலை என் விரோதிக்கும் வேண்டாம்.

நான் கார் டிரைவர். முதலாளி அரிசி மண்டி முதலியார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்குக் கேட்டுகினு நிக்கிற? வண்டிய எடு, நானும் வரேன்" என்றார்.

வண்டிக்கு அடியில் ஒருமுறை பார்க்காமல் தூரப் பயணம் கிளம்ப மாட்டேன். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் ரப்பர் குழாய் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ப் பிரேக் பிடிக்கும். முன் சக்கரம் இரண்டுக்கும் ஆளுக்கொன்று, பின்னால் ஒன்று. முதலியாரை மிதிக்கச் சொல்லிவிட்டு மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வலது குழாய் தவளைத் தொண்டை மாதிரி புடைத்தது. நகத்தால் அழுத்தினேன், உள்ளே போயிற்று. இடது குழாயும் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சனிக்கிழமைதோறும் முதலியார் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். காரையும் சும்மா விடமாட்டார். வெயிலில் ரப்பர் காய்ந்துவிடும் என்று கைக்கு எட்டிய ரப்பருக்கெல்லாம் நல்லெண்ணெய் தடவுவார். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது ஐயா என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! "ஒடம்புக்கு நல்லது, வண்டிக்குக் கெட்டதா?" என்று சிரிப்பார். பெட்ரோல் ரேஷனால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. எண்ணெய்க் குளியல் மட்டும் நிற்கவில்லை. பின்பக்கக் குழாய் ஒன்றுதான் பிழைத்தது. அவர் தொந்தி அவ்வளவு தூரம் குனிய விடாது.

புதுக் குழாய்க்கு எங்கே போவேன்? சீமைச் சாமான் எதுவும் கடையில் வருவதில்லை. வண்டிக்கு அடியில் முழங்கால் போட இடமில்லை. கிடந்தபடியே ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், சண்டைதான் போட்டேன். 'ஆண்டவரே, ஓட்டினால் நடுரோட்டில் நானே அவளைக் கொல்லுவேன். ஓட்டாவிட்டால் இங்கேயே சாவாள். எனக்குக் குழாய் கொடும். இப்பவே கொடும்.' சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பின்கட்டிலிருந்து கிரேஸின் அலறல்தான் கேட்டது.

வெளியே வந்து முதலியாருக்குக் குழாயைக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு, "காட்டுப்பாக்கத்துல அவன் வண்டி கீதே" என்றார் மெதுவாக.

'அவன்' என்றது அவர் தங்கையின் கணவரை. இருவரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கார் வாங்கியவர்கள். பிறகு கிணற்றுப் பங்கில் சண்டை வந்தது. அந்த வாசலை மிதித்தால் நான் மனுஷனே இல்லை என்று ஊர் நடுவில் சபதம் போட்டவர் முதலியார். தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. மைத்துனரின் கார் இப்போது டயர்கூட இல்லாமல் செங்கல் மேல் நின்றது.

"நான் போய்க் கேக்கிறேன் ஐயா."

"எனக்குன்னு தெரிஞ்சா உனக்குக் கதவே தொறக்க மாட்டான். ஜட்கா வண்டியக் கூப்புடு. நானே வரேன்."

மழையில் தொப்பலாக நனைந்து அந்த வாசலில் இறங்கினார். மைத்துனர் வெளியே வந்து திகைத்து நின்றார். "மாப்ளே, நம்ம சண்டைய அப்பால வச்சுக்கலாம். இவன் பொண்டாட்டி உசுருக்குப் போராடிகினு கீறா. உன் வண்டி பிரேக் குழாயக் குடு" என்று முதலியார் கைகூப்பினார். பிடிவாதத்துக்குப் பேர்போன மனிதர் சபதத்தை முறித்து அப்படி நின்றதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. மைத்துனர் உள்ளே போனார். திரும்பி வருகிறாரோ இல்லையோ என்று நின்றேன். வந்தார். ஷெட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள வாங்க மச்சான், நனையாதீங்க" என்றார்.

குழாய்களை வளைத்துப் பார்த்தேன். வெடிப்பில்லை, புடைப்பில்லை. இரண்டையும் கழற்றி, அந்த வண்டியின் குழாய்க்குள் இருந்த, ரப்பரைக் கெடுக்காத பிரேக் எண்ணெயையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திரும்பினோம். குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பூட்டினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, டயரில் உரசவில்லை என்று பார்த்தேன். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் பிரேக் பிடிக்காது. முதலியார் மிதிக்க மிதிக்க, கடைசிக் குமிழி போகும்வரை நான் விடவில்லை. அதற்குள் கிரேஸின் அலறல் முனகலாகிவிட்டது. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கிளம்பினோம். பின்சீட்டில் கிரேஸ், அவள் தலையை மடியில் வைத்து மருத்துவச்சி. போரூர் தாண்டி ஒரு வளைவில் பட்டாள லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மழையில் கிட்டே போகும்வரை தெரியவில்லை. 'இயேசுவே' என்று மிதித்தேன். பிரேக் பிடித்தது. வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக, லாரியைத் தொடாமல் நின்றது. பழைய குழாயாக இருந்தால் அங்கேயே எல்லோரும் முடிந்திருப்போம். முதலியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் சாமி கீறாருடா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மறுநாள் முதலியாரின் தங்கையும் கணவரும் பார்க்க வந்தார்கள். அண்ணனும் தங்கையும் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நான் கேட்டது ஒரு முழ ரப்பர். கர்த்தர் அதை ஒரு பகையைத் தீர்த்து எடுத்துக் கொடுத்தார். அன்றுமுதல் அவரிடம் கோபித்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்காமல் இருப்பதில்லை. உங்களில் யாருக்காவது எல்லா வழியும் அடைபட்டிருந்தால், வார்த்தை சரியாக வரவில்லையே என்று தயங்காதீர்கள். அழுதாவது கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் கேட்கிறவர். நம்பிக்கை வரவில்லையா? இதோ முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, பாட்டுக்கு வைத்த கஞ்சிராவைக் கடித்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் அந்தக் குழந்தை. ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.