வளையல் வாங்கக் கிள்ளான் போனேன், ஆள் கிடைத்தது பிரிக்ஃபீல்ட்ஸில்

கோயம்புத்தூரிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த வலைப்பூவுக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: கே.எல். ஆட்கள் பழகுவார்களா, மாட்டார்களா? தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரப்போகிறவர்கள் கேட்கிறார்கள். மலேசியாவுக்குள்ளேயே ஈப்போவிலிருந்து மாறி வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். இதுநாள்வரை தோசை எங்கே நன்றாக இருக்கும், ரயில் எத்தனை மணிக்கு என்று எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் வளையல் வாங்கி வந்ததில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆகவே இது பயணக் குறிப்பு பாதி, பதில் பாதி.

வளையல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வைத்தாக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ காலில் பார்க்கிறோம் என்று அம்மா சொல்லிவிட்டார். "எத்தன பேரு வர்றாங்க கண்ணு?" என்று கேட்டார். நானும் வாய் கூசாமல், நிறையப் பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஒருவர்கூட இல்லை. என் கணவர் பிரபுவின் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த பெண்கள் இரண்டு பேர். இருவரும் அந்த வாரம் ஊரில் இல்லை. வீடியோ காலில் சீர்வரிசைத் தட்டைக் காட்டலாம், வளையல் போட முடியாது. அதற்கு ஒரு பெண்ணாவது நேரில் வர வேண்டும்.

முயற்சி செய்யாமல் இல்லை. எங்கள் ஊரில் அழைப்பது என்றால் வீட்டுக்கு நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைப்பதுதான். செல்பேசியில் செய்தி அனுப்பி அழைத்தால், வராதே என்று சொன்ன மாதிரி. ஆகவே அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் பட்டுப் புடவை கட்டி, தட்டில் குங்குமச் சிமிழும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு எங்கள் மாடியில் வீடு வீடாக மணி அடித்தேன். இங்கே அடுக்குமாடி வீடுகளில் மரக் கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக் கம்பிக் கதவு இருக்கும். கிரில் என்பார்கள். எப்போதும் பூட்டியே கிடக்கும். முதல் வீட்டில் டிவி சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. எதிர் வீட்டில் ஓட்டை வழியாக ஒரு கண் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆன்டி மட்டும் மரக் கதவைத் திறந்தார். கிரில்லுக்கு அந்தப் பக்கமே நின்று என்னையும் தட்டையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க வீட்ல ஃபில்டர் இருக்கும்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அந்த மாதம் தண்ணீர் ஃபில்டர் விற்பவர்கள் எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் ஆறவில்லை. காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு எவள் ஃபில்டர் விற்பாள்? பிரபு விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டார். கலந்த சாதம் செய்து தரும் சமையல்காரர் வேறு, இருபது பேருக்குக் குறைந்து செய்ய மாட்டேன் என்றிருந்தார். ஆக, இருபது பேருக்குச் சாப்பாடு, உட்கார நானும் பிரபுவும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலேயே வளையல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அப்புறம் ஏன் கிள்ளான் என்று கேட்பீர்கள். கோபம்தான். அந்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஊசிகூட வாங்குவதில்லை என்று இருந்தேன். கிள்ளான் ஆட்கள் பாசக்காரர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கே.எல். சென்ட்ரலில் காலை ஒன்பதே காலுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள்தான். ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒட்டியிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உள்ளே இடமில்லை. நான் கம்பியைப் பிடிப்பதற்குள், முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் எழுந்துவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான்கு பேருக்கு அப்பால் போய் நின்று செல்பேசியில் மூழ்கிவிட்டாள். கோவையில் டவுன் பஸ்ஸில் இடம் கொடுத்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் எத்தனை மாதம், எந்த ஆஸ்பத்திரி, மாமியார் எப்படி என்று எல்லாம் கேட்டு முடித்திருப்பார்கள். இவள் கிள்ளான் வரைக்கும், ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம், நின்றுகொண்டே வந்தாள். அன்று எனக்கு அது கோபத்தைத்தான் கூட்டியது. இடம் கொடுக்கத் தெரிகிறது, சிரிக்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

கிள்ளான் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். குடை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். தெருவுக்குள் நுழைந்ததும் சாம்பிராணியும் முறுக்குச் சுடும் வாசனையும் வந்தன; ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஸ்பீக்கர் போட்டிக்குப் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக நுழைந்த கடையில் என்னை அமுக்கிப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடைக்காரப் பெண் பெயர் சாந்தி. என் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னைக் கேட்காமலே ஐஸ் மைலோ வரவழைத்து, எத்தனை மாதம் என்பதில் தொடங்கிச் சகலமும் விசாரித்தார். எடுத்த எடுப்பில் நீ, வா, போ; பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' வேறு. எங்கள் ஊரில் நாய்க்குட்டியைக்கூட வாங்க என்றுதான் கூப்பிடுவோம். வந்த புதிதில் இங்கே யாராவது 'நீ' என்றால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அன்று சாந்தியின் 'நீ' வெயிலுக்கு அந்த மைலோ மாதிரி இறங்கியது. யாரும் வரமாட்டார்கள் என்பதையும், ஃபில்டர் கதையையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத லா. நாளைக்கு நான் வரேன். நானே ஒனக்கு வளையல் போடுறேன், சரியா?"

எனக்கு அழுகை இன்னும் கூடியது, இந்தத் தடவை சந்தோஷத்தில். எனக்கு மட்டும் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் போதும் என்றேன். சாந்தி கேட்கவில்லை. பச்சையும் சிவப்புமாகப் பல அளவுகளில் டஜன் டஜனாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கும் போட்டு அனுப்ப வேண்டாமா என்றார். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, கொண்டுபோ, மிஞ்சினால் திருப்பிக் கொடு என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டார்.

கால் வீங்கியிருந்ததால் திரும்புவதற்குச் செயலியில் கார் பிடித்தேன். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பது ரிங்கிட் சொச்சம். ஓட்டுநர் தைப்பிங்கிலிருந்து கே.எல். செந்தூலுக்குக் குடிவந்த அண்ணன். என்னைப் போலவே அவருக்கும் கே.எல். மேல் ஒரு மூட்டை புகார் இருந்தது. தைப்பிங்கில் பக்கத்து வீட்டுக்காரர் சமையல்கட்டு வரை வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாராம். செந்தூல் ஃப்ளாட்டில் முதல் வருடம் ஒரு ஆள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அப்புறம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு கிரில்ல தொறந்து வெச்சேன் தங்கச்சி. அவ்ளோதான். இங்க கதவ தட்டுனா பயந்துருவாங்க. தொறந்து கெடந்தா அவங்களே வருவாங்க. ஓப்பன் ஹவுஸ்னு பேரே அதானே?"

பண்டிகைக்கு யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்று வீட்டைத் திறந்து வைப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தீபாவளிக்கு மூன்று மாடி ஆட்கள் வந்து அவர் வீட்டு முறுக்கைக் காலி செய்தார்களாம். சரி, அண்ணன் கொஞ்சம் அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் சாந்தி இருக்கிறாரே.

ஞாயிறு காலை பத்தே காலுக்குச் சாந்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரு கல்யாணக் கூட்டம் கடைக்குள் புகுந்துவிட்டது, நகர முடியவில்லை, மன்னித்துக்கொள் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிள்ளானையே மனதுக்குள் கடலில் தள்ளினேன். கூடத்தில் மணை போட்டாயிற்று. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று சாதம் அண்டா அண்டாவாக வந்து இறங்கியாயிற்று. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அம்மா அழைப்பார். பிரபு தயங்கித் தயங்கி, தானே வளையல் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷன். அவரிடம் கிரில்லைத் திறங்கள் என்றேன். எதற்கு என்றார். திறங்கள், மரக் கதவையும் மூடாதீர்கள் என்றேன்.

திறந்து வைத்துவிட்டு நான் மணையில் போய் உட்கார்ந்தேன். தலை நிறையப் பூவோடு, எதிரே இருபது பேருக்கான சாப்பாட்டோடு. அப்படி உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். லிஃப்ட் வந்தது, போனது. யாரோ நடந்தார்கள், நிற்கவில்லை. அப்புறம் குப்பைப் பையோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்டி, வாசலைத் தாண்டி, இரண்டடி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். வளையல் தட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ, அன்னிக்கி இதுக்கா வந்தீங்க?"

நான் தலையை ஆட்டினேன். ஆன்டி குப்பைப் பையைப் பிரபுவின் கையில் திணித்தார். கைலியும் சட்டையுமாக நின்ற ஆன்டி, பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஓடினார். எங்கள் மாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம். ஒன்றரை வருடமாக நான் அதில் இல்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. ஆன்டி அதில் என்ன போட்டாரோ தெரியாது. பத்தாவது நிமிடத்தில் புடவையில் வந்து நின்றார், கையில் கேசரிக் கிண்ணத்தோடு. பின்னாலேயே டிவி சத்தம் கேட்ட வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும். ஓட்டை வழியாகப் பார்த்த எதிர் வீட்டுச் சீனப் பெண்மணி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, தானும் போடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கீழ் மாடியிலிருந்துகூட இரண்டு அக்காமார்கள் வந்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் லிஃப்ட் பக்கம் வரை போயிருந்தன. பிரபு குப்பைப் பையை வைத்த இடம் தெரியாமல் அலைந்தார்.

பதினொரு மணிக்கு அம்மா அழைத்தபோது என் இரண்டு கன்னத்திலும் சந்தனம். கூடத்தில் நிற்க இடமில்லை. முதல் வளையலைப் போட்டது பக்கத்து வீட்டு ஆன்டிதான். அம்மா திரையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ சொன்னதைவிடக் கூட்டம் அதிகமாக இருக்கிறதே என்றார். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. வந்த எல்லோருக்கும் வளையல் போட்டு அனுப்பினோம். சாந்தி கட்டாயப்படுத்திக் கட்டிக் கொடுத்த டஜன்கள் அத்தனையும் தீர்ந்தன. திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவருக்குப் படம் அனுப்பினேன். எனக்கு அப்போதே தெரியும் லா என்று பதில் வந்தது. அவர்மீது கோபப்பட எனக்கு இனி வாயில்லை. சாதமும் தீர்ந்தது. மிச்சமிருந்த தயிர்ச் சாதத்தைக் கீழ் மாடி அக்காமார்கள் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

போகவிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கிள்ளானுக்குச் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் தெருவில் நடக்க முடியாது. ரயில் அரைமணிக்கு ஒன்றுதான், தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். கண்ணாடி வளையலைக் கடையிலேயே கையில் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள், கர்ப்பிணிகள் ஒரு அளவு கூட்டி எடுங்கள்.

குடிவரவிருப்பவர்களுக்கு: நம் ஊர்ப் பாசத்தையே இங்கே தேடாதீர்கள். எங்கள் ஊரில் பாசம் கேள்வியாக வரும். கிள்ளானில் நாற்காலியோடும் மைலோவோடும் வரும். அந்த ரயில் பெண் ஒரு மணி நேரம் நின்றாளே, அதுவும் அதுதான். அப்போது எனக்குப் புரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மணி அடித்தால் வராது. கதவைத் திறந்து வையுங்கள், மாடிக் குழுவில் சேருங்கள். ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் கிரில்லை இப்போது பகலில் பூட்டுவதில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதும் கை நிறைய வளையல் சத்தம்தான். நேற்று மதியம் ஒரு இளம்பெண் வாசலில் தயங்கி நின்றாள், தோளில் கனமான பை, முகமெல்லாம் வியர்வை. உள்ளே வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீரும் காபியும் கொடுத்தேன். காலையிலிருந்து எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை என்றாள். இந்தப் பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், சுங்கைப் பட்டாணிப் பெண். அரைமணி நேரம் ஊர்க் கதை பேசிவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் வந்த வேலை ஞாபகம் வந்து பையைத் திறந்தாள்.

வாட்டர் ஃபில்டர். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டு ஆன்டியிடம் நானே அவளைக் கூட்டிப் போனேன்.